வஜிஹா தட்டினால் குஞ்சு எழும்

கெலமங்கலத்தில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவில், மயங்கிக் கிடக்கும் கோழிக்குஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு யாராவது வேகமாக நடந்தால், எதிரில் வருபவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். எங்கே போகிறார்கள் என்று கேட்பதில்லை. அந்தத் தெருவில் குஞ்சோடு போவதற்கு வஜிஹாவின் வீட்டைத் தவிர வேறு வீடு கிடையாது.

வஜிஹா குஞ்சை வாங்கி, கழுத்து துவண்டிருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள். பிறகு அதைத் தரையில் வைத்து, மேலே தன் அலுமினியப் போசியைக் கவிழ்ப்பாள். அகலமான வாயும் சப்பையான அடியும் கொண்ட சமையல் பாத்திரம் அது. கரண்டிக் காம்பால் அதன் அடியில் தட்டத் தொடங்குவாள். பலமாகத் தட்டமாட்டாள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்குவதுபோல் ஒன்றிரண்டாக ஆரம்பித்து, பிறகு விடாமல் தட்டுவாள். கொஞ்ச நேரத்தில் போசிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். தூக்கிப் பார்த்தால், பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளையைப்போலக் குஞ்சு எரிச்சலோடு நின்றுகொண்டிருக்கும்.

இது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். ஆனாலும் வஜிஹாவின் கைக்குத் தனியாக ஒரு பெயர் இருந்தது.

"நானும் குக்கர் மூடிய கவுத்துப் போட்டு தட்டித் தட்டிப் பாத்தன்க்கா, எழுந்திரிக்கவே இல்ல" என்பாள் பக்கத்துத் தெரு அருணா.

"குக்கர் மூடியில தட்டுனா பருப்பு வெந்துருச்சுன்னு நெனச்சிக்கும். போசி எடுத்துக்கினு வர்றன், இரு" என்பாள் வஜிஹா.

வஜிஹா காவேரிப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவள். அப்பாஸைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவன் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். கல் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் நிற்காமல் போனபிறகு அந்த வேலையை விட்டான். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பொரிப்பகங்களில் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை வாங்கி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கத் தொடங்கினான். தமிழில் கூவியபடி கிளம்பி, எல்லை தாண்டி ஆனேக்கல்லுக்குப் போகும்போது கன்னடத்தில் கூவுவான். வழியில் தெலுங்குக்காரர்கள் இருக்கும் ஊர் வந்தால் அதற்கும் ஒரு கூவல் வைத்திருந்தான். முதல் தடவை கொண்டுவந்த குஞ்சுகளில் பாதி வெயிலிலேயே செத்துப்போயின. வஜிஹா அன்று ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கற்றுக்கொண்டாள்: சூட்டுக்கான பல்ப் எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும், வெல்லத் தண்ணீர் எப்போது வைக்க வேண்டும், எந்தக் குஞ்சு தூங்குகிறது, எந்தக் குஞ்சு போய்க்கொண்டிருக்கிறது. விற்காமல் திரும்பும் குஞ்சுகளின் பெட்டி அவள் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். வீட்டில் சூடு நிற்கும் இடம் அதுதான்.

வஜிஹா சுத்தக்காரி. வளர்ந்த கோழி வாசல்படி ஏறினால் துடைப்பத்தால் விரட்டுவாள். அது மிதித்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். ஆனால் குஞ்சுகளை அவள் கோழியோடு சேர்த்ததில்லை. "நேத்துதான் முட்டையிலேருந்து வந்துது. அதுக்குள்ள அதுக்கு ஏது அழுக்கு?" என்பாள். பூவை எடுப்பதுபோல எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

மகள் ஸோயாவைக் கோலாரில் கட்டிக்கொடுத்தபிறகு வீட்டில் குஞ்சுகளின் சத்தம் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் பக்கத்துப் போர்ஷனுக்கு சௌமியா குடிவந்தாள்.

சௌமியா ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். ஓசூருக்குப் போகும் வழியில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அவள் கணவன் ஹரீஷ்குமாருக்கு போச்சம்பள்ளியில் வேலை; அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். பிரசவ லீவு முடிந்த அன்று சௌமியா இடுப்பில் குழந்தையும் கழுத்தில் கம்பெனி அட்டையுமாக வஜிஹாவின் வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு நாளைக்கு மட்டும் பாத்துக்குங்கக்கா. அதுக்குள்ள வேற ஆள் பாத்துர்றன்."

அவள் வேறு ஆள் பார்க்கவில்லை. வஜிஹாவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. குழந்தையின் பெயர் சான்விகா. வஜிஹா அதைச் சானு என்று சுருக்கிக்கொண்டாள். சானு பேச ஆரம்பித்தபோது வஜிஹாவின் பெயரில் அவள் நாக்குக்கு எட்டியது ஒரே ஒரு எழுத்துதான். "ஜி" என்பாள். அப்பாஸ் அதைக் கேட்டுச் சிரிப்பான். "இத்தினி வருசமா நான் கூப்பிட்டு நீ திரும்பிப் பாக்கல. அது அர எழுத்து சொன்னா ஓடற."

சானுவைச் சாப்பிட வைப்பதற்கு வஜிஹா ஒரு வழி வைத்திருந்தாள். பெட்டியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து அவள் மடியில் விடுவாள். உனக்கு ஒரு வாய், குஞ்சுக்கு ஒரு வாய் என்று சொல்லிச் சொல்லி, கேழ்வரகுக் கஞ்சி முழுவதும் உள்ளே போய்விடும். சானு அந்தக் குஞ்சை முத்தமிடுவாள். அந்தக் கையையே வாயிலும் வைத்துக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அப்பாஸ் தேன்கனிக்கோட்டை ரோட்டில் மாட்டிக்கொண்டான். ஒதுங்க இடம் கிடைப்பதற்குள் பெட்டிகள் நனைந்து அடி பிய்ந்துபோயின. மதியம் வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் அவன் கொட்டியபோது, குஞ்சுகள் ஈரப் பஞ்சு உருண்டைகளாக ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. கரண்ட்டும் இல்லை.

வஜிஹா உட்கார்ந்துவிட்டாள். நான்கைந்து குஞ்சுகளாகச் சேர்த்து வைத்துப் போசியைக் கவிழ்த்தாள், தட்டினாள். எழுந்ததை அப்பாஸிடம் கொடுத்தாள். அவன் துணியில் துடைத்து அடுப்பு ஓரத்தில் விட்டான். மறுபடி கவிழ்த்தாள், மறுபடி தட்டினாள். சானு இந்தக் கச்சேரியைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். அப்புறம் பசி வந்து அழ ஆரம்பித்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்து இறங்கியிருந்தது. அகலமான பாத்திரத்தில் ஊற்றினால்தான் சீக்கிரம் ஆறும். வஜிஹா கையிலிருந்த போசியை வாளித் தண்ணீரில் முக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினாள். முந்தானையால் துடைத்தாள். கஞ்சியை அதில் ஊற்றித் துழாவி, ஆறியதும் ஊட்டினாள்.

சாயங்காலத்துக்குள் குஞ்சுகள் அநேகமாக எல்லாமே எழுந்து நின்றுவிட்டன. ஷிப்ட் முடிந்து வந்த சௌமியா வாசலில் செருப்பைக் கழற்றியபடியே பார்த்தாள். தரை முழுவதும் மஞ்சள் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, இத்தினிக்கும் சேத்து பீஸ் எவ்ளோ வாங்குவீங்க?" என்றாள்.

வஜிஹாவின் முதுகு ஒடிந்துபோயிருந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து நாளாகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து சானுவுக்குக் காய்ச்சல் அடித்தது. அடுத்து வயிறு போகத் தொடங்கியது. பல் முளைக்கிறது என்றார்கள். மெடிக்கலில் சொல்லி மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் துணியில் ரத்தத் திட்டு தெரிந்ததும் சௌமியா கத்தவில்லை. துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வஜிஹாவின் வாசலுக்கு வந்து நின்றாள். அப்பாஸ்தான் ஆட்டோ பிடித்து வந்தான்.

ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சானுவின் கண்கள் உள்ளே போயிருந்தன. அழுதால் கண்ணீர் வரவில்லை. கையில் ஊசி குத்தி, அது நழுவாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். சீசன் ஆயிற்றே என்று முதலில் டெங்குவுக்குப் பார்த்தார்கள். அது இல்லை. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஹரீஷ்குமார் போச்சம்பள்ளியிலிருந்து கம்பெனி உடுப்போடு வந்து கட்டில் ஓரத்தில் நின்றான்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கன்னடம் பேசி வளர்ந்தவர் போல, தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். குழந்தை என்ன சாப்பிட்டது, வெளியில் எங்காவது போனீர்களா, எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "மனையல்லி... வீட்டுல நாய், கோழி, ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்ல டாக்டர். வாடகை வூடு" என்றாள் சௌமியா.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் வீட்டில் எதுவும் இல்லைதான். தூங்காத கண்ணும் பாதி உயிருமாக இருந்தவளுக்குப் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றிருந்த வஜிஹாவுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் போசி கண் முன்னால் வந்தது. வாளித் தண்ணீர், முந்தானை, துழாவிய கரண்டி. கழுவினேனே என்று ஒரு பக்கம் நினைத்தாள். எதைக் கழுவினாய் என்று இன்னொரு பக்கம் கேட்டது. பிளாஸ்க்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அப்பாஸ் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் இருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தான்.

"நீ பாட்டுக்கு எதையாச்சும் சொல்லி வெக்காத. அதே போசியில நாம தின்னல? நமக்கு என்னா ஆச்சு?"

"நம்ம வயிறும் அது வயிறும் ஒண்ணாங்க?"

"குஞ்சாலதான் வந்துச்சுன்னு பேச்சு கெளம்பிருச்சுன்னா நாளைக்கு எவன் வாங்குவான்? நான் மறுபடி கல்லு பாலிஷ் போடப் போவட்டுமா?"

வஜிஹா ஆஸ்பத்திரிப் படியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அத வுடு. சௌமியா அந்தப் புள்ளைய மறுபடி உங்கிட்ட குடுப்பாளா? அதையாச்சும் யோசன பண்ணியா?"

படியிறங்கும்போது அவள் யோசித்ததே அதை மட்டும்தான். வியாபாரம் அவள் நினைவில் வரவே இல்லை. காலையில் ஹாரன் சத்தம் கேட்டதும் கைமாறி வரும் அந்தச் சூட்டை, தூக்கக் கலக்கத்தில் கழுத்தில் வந்து விழும் கையை அவள் நினைத்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எப்படியும் மருந்து கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்றும் தோன்றியது.

"குடுக்கறதுக்கு மொதல்ல புள்ள இருக்கணுமில்ல" என்றாள். வந்த வழியே திரும்பி மேலே போனாள்.

டாக்டர் வராந்தாவில் நர்ஸிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயே தனியாகச் சொல்லிவிடலாம். ஆனால் வஜிஹா, "கொஞ்சம் உள்ள வாங்கம்மா" என்று அவரைக் கட்டிலருகே அழைத்துக்கொண்டு போனாள். சௌமியாவுக்குத் தெரியாமல் சொல்வதும் ஒரு திருட்டுத்தனம்தான் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"புள்ள பகல் பூரா எங்க வூட்லதாம்மா இருக்குது. எங்க வூட்ல கோழிக்குஞ்சு இருக்குது" என்று தொடங்கினாள். மழை, மயங்கிய குஞ்சுகள், போசி, கஞ்சி எல்லாவற்றையும் சொன்னாள். சானு குஞ்சை மடியில் வைத்துச் சாப்பிடுவதையும் சொன்னாள். எதற்கும் தலை குனியவில்லை. குனிந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. பாத்திரத்தைத் தட்டினால் குஞ்சு எழுந்திருக்குமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு மலத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

"சால்மொனெல்லான்னு ஒரு கிருமி. குஞ்சோட வயித்துல இருக்கும். குஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது, நல்லா ஓடும், ஆடும். பார்த்தா தெரியாது. ஒரு நாள் குஞ்சுலயும் இருக்கும். பெரியவங்க தாங்கிக்குவாங்க, சின்னப் பிள்ளை தாங்காது. பாத்திரத்துல வந்திருக்கலாம், பிள்ளை கையிலயே வந்திருக்கலாம். ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். நான் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டேன், மருந்து இப்பவே மாத்தறேன்." வஜிஹாவைப் பார்த்தார். "சொன்னது நல்லதாச்சு."

டாக்டர் போனபிறகு சௌமியா சானுவின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"குஞ்சு தட்டுன போசியிலயாக்கா?"

"கழுவுனன்மா. வெறுந் தண்ணியில."

"இவ்ளோ நாளும் இப்பிடித்தானா?" என்றான் ஹரீஷ்குமார்.

"இல்லப்பா. போசி அன்னிக்கு மட்டுந்தான். குஞ்சோட வெளையாடுனது தெனம்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீங்க வூட்டுக்குப் போங்க. இனிமே வர வேணாம்." மரியாதையாகத்தான் சொன்னான். அந்த 'ங்க' அவளுக்குத் திட்டைவிட அதிகமாக வலித்தது.

வீட்டில் பெட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. வஜிஹா அதன் முன்னால் உட்கார்ந்து குஞ்சுகளைப் பார்த்தாள். பல்ப் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எதன் மேலும் எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் அப்பாஸ் விற்கப் போகவில்லை. தகரமும் பழைய சாக்கும் கொண்டுவந்து, துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை போட்டான். அவள் கேட்கவே இல்லை. பெட்டி, பல்ப், தண்ணீர்த் தட்டு, போசி எல்லாம் அங்கே போயின. அங்கே போவதற்கென்று தனியாக ஒரு செருப்பு. வஜிஹா சமையலறையை பிளீச்சிங் பவுடர் போட்டு, கண் எரிய எரியத் தேய்த்தாள்.

டாக்டரிடம் சொல்லவேண்டாம் என்று அவளைத் தடுத்த அப்பாஸ்தான் தினமும் ஆஸ்பத்திரி வாசலுக்கு இளநீரோடு போனான். ஹரீஷ்குமார் இளநீரை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் சேதி சொன்னான். காய்ச்சல் இறங்கிவிட்டது. ரத்தம் நின்றுவிட்டது. ரிசல்ட் வந்தது, டாக்டர் சொன்ன கிருமியேதான். குடிக்கிறாள். சிரித்தாளாம். அப்பாஸ் ஒவ்வொன்றையும் கொண்டுவந்து வஜிஹாவிடம் சேர்த்தான், பெட்டியிலிருந்து ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் கொடுப்பதுபோல.

சானு வீட்டுக்கு வந்த அன்று பக்கத்துக் கதவு திறந்து உடனே மூடிக்கொண்டது. நடுவில் இருப்பது ஒற்றைக் கல் சுவர். அந்தப் பக்கம் குழந்தை அழுவதும், சிரிப்பதும், எதையோ தரையில் போட்டு உருட்டுவதும் கேட்கும். சில நேரம் "ஜி" என்று கேட்கும். சௌமியா உடனே ரேடியோ வைப்பாள். வஜிஹா சுவருக்குப் பக்கத்தில் உட்கார்வதை நிறுத்திக்கொண்டாள்.

போனில் பேசுவதும் கேட்கும். "சார், இந்த வாரம் மட்டும் சார். ஆள் கெடைக்கல சார்." இன்னொரு நாள், "அத்த, மாட்ட யாருகிட்டயாச்சும் வுட்டுட்டு வர முடியாதா?" மாமியாரால் வர முடியாது என்பது சௌமியா போனை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் அருணா ஒரு குஞ்சை ஏந்திக்கொண்டு வந்தாள். கோழியே மிதித்துவிட்டதாம். வஜிஹா அவளை உள்ளே விடவில்லை. கொட்டகைப் பக்கம் அழைத்துப்போய், போசியைக் கவிழ்த்துத் தட்டினாள். நெடுநேரம் தட்டினாள். உள்ளிருந்து சத்தம் வரவில்லை. தூக்கிப் பார்த்தாள், வைத்தபடியே கிடந்தது.

"உன் கை இப்பிடி ஆயிருச்சேக்கா" என்றாள் அருணா.

"எந்திரிச்சதையே எல்லாரும் பேசுவீங்க. எந்திரிக்காததும் நெறய இருக்குது" என்றாள் வஜிஹா. "வா, கை கழுவு. சோப்பு போட்டு. வூட்ல பேரன் இருக்கறானில்ல, குஞ்ச அவன் கையில குடுக்காத."

"இது என்னா புதுசா?"

"புதுசுதான். கழுவு."

இருவரும் குழாயடியில் நின்று கழுவினார்கள். வஜிஹா முழங்கை வரை நுரைத்து, நகத்துக்கு அடியில் தேய்த்து, மறுபடியும் கழுவினாள். நிமிர்ந்தபோது, இடுப்பில் சானுவோடு சௌமியா குடத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வஜிஹா குழாயை விட்டு விலகி நின்றாள். குழந்தை இளைத்திருந்தது, காதில் இருந்த தோடு பெரிதாகத் தெரிந்தது. சௌமியா தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்று இருட்டியதும் கதவு தட்டப்பட்டது. சௌமியா உள்ளே வரவில்லை. அப்பாஸ் எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

"நாளைக்கு டூட்டிக்கு வரலன்னா பேர எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க" என்றாள். கதவு நிலையைப் பார்த்துப் பேசினாள். "உங்க மேல கோவம் போயிருச்சுன்னு நெனச்சிக்காதீங்க. போவல."

"போவாதும்மா. இருக்கட்டும்."

"அவ இங்க வர வேணாம். நீங்க எங்க வூட்டுக்கு வந்து பாத்துக்கிறீங்களா? குஞ்சுக்கிட்ட போனா குளிச்சிட்டு, வேற துணி கட்டிக்கினுதான் வரணும். வூட்ல இருக்கற பாத்திரம்தான். இங்கேருந்து ஒரு ஸ்பூன் கூட வரக் கூடாது. அவரு சொன்னாரு."

"அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

சௌமியா கையிலிருந்த வீட்டுச் சாவியை மாற்றிப் பிடித்தாள். "நான்தான் சொல்றேன். அவருகிட்ட இன்னும் சொல்லல."

"நீங்க அன்னிக்கு சொல்லாம இருந்திருந்தீங்கன்னா நான் இன்னிக்கு வந்திருக்க மாட்டேன்" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாவியை நிலையில் வைத்துவிட்டுப் போனாள்.

விடியுமுன் வஜிஹா குளித்தாள். பச்சைத் தண்ணீர் முதுகில் விழுந்தபோது பல் கிட்டியது. பீரோவிலிருந்து துவைத்து மடித்த புடவையை எடுத்துக் கட்டினாள். அப்பாஸ் கொட்டகையில் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். இனி அது அவன் வேலை.

"கம்பெனிக்குப் போறவ மாதிரி கெளம்பற" என்றான்.

"பக்கத்துல வராதீங்க. தள்ளி நின்னு பேசுங்க."

"அடேயப்பா. சூப்பர்வைசரே ஆயிட்ட."

ஹாரன் கேட்டது. சௌமியா வாசலிலேயே குழந்தையைக் கொடுத்தாள். சானு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வர மறுத்தாள். இத்தனை நாள் கழித்து இந்த முகம் அவளுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக இருந்திருக்கும். விரல்களைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பஸ் போனபிறகும் அழுதாள். வஜிஹா கதவைச் சாத்திவிட்டு, அழுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் அவள் அதிகம் வந்ததில்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு டப்பாவைத் திறந்தாள், ரவை. இன்னொன்றில் துவரம்பருப்பு. மூன்றாவதைத் திறக்கப் போனபோது அழுகை நின்றது. சானு ஈரமான கன்னத்தோடு எட்டி, மேல் தட்டில் இருந்த நீல மூடி டப்பாவைக் காட்டினாள்.

கேழ்வரகு மாவு அதில்தான் இருந்தது.